பென்சிலில் எழுதிய குணம்

என் அத்தை மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த அந்தப் பெட்டியை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அவரையும்தான். பெட்டியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேட்டி சட்டை வைத்துத் தருகிற அட்டைப் பெட்டி அளவுதான் இருக்கும். மூடியில் சிறகு முளைத்த ராட்சதப் பல்லி ஒன்று நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரன் வாளோடு நின்றான். உள்ளே இரண்டு ஆங்கிலப் புத்தகங்கள், கொஞ்சம் தாள்கள், ஒரு பிளாஸ்டிக் பை நிறையப் பகடைகள். பகடை என்றால் ஆறு முகம் என்றுதான் எனக்குத் தெரியும். இதில் நாலு முகம் வைத்தது இருந்தது, எட்டு முகம் வைத்தது இருந்தது, நெல்லிக்காய் மாதிரி உருண்டையாக இருபது முகம் வைத்ததும் இருந்தது. பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த என் தம்பி அதை உள்ளங்கையில் உருட்டி உருட்டிப் பார்த்தான். எச்சில் ஒழுகாத குறைதான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம் அது. அத்தை வீடு புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், சேலம் – நாமக்கல் ரோட்டை ஒட்டி இருந்தது. முன்னால் லாரிச் சத்தம், பின்னால் கோழிப்பண்ணை நாற்றம். என்னையும் தம்பியையும் ஒரு மாதத்துக்கு அங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அத்தையின் மகள் முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள், துணைக்கு ஆள் வேண்டும் என்று வெளியே சொல்லிக்கொண்டார்கள். பிரசவத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? டிகிரி முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த இருபத்திரண்டு வயதுக்காரி நான். அமெரிக்காவில் படித்து அங்கேயே வேலையும் பார்க்கிற மகன் லீவில் வந்திருக்கிறான், முறைப்பெண் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும் என்பதுதான் ஏற்பாடு. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், பண்ணையில் முட்டை பொறுக்குகிற பெண்களுக்கும் தெரியும்.

எனக்கு ஆசை இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. ஆசை அவர்மேல் என்று சொல்ல முடியாது. அவருக்கு அப்போதே முன்தலையில் வழுக்கை ஏற ஆரம்பித்திருந்தது. பேசும்போது எதிரில் இருப்பவரின் தோளுக்கு மேலே எதையோ பார்த்துப் பேசுவார். என் ஆசை அவர் போய் இருந்த ஊர்மேல். ஜேடர்பாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏறிப் பார்த்தால் கரும்பு தெரியும், அதற்கப்புறம் ஆறும் அணையும் தெரியும், அதற்கப்புறம் மறுபடியும் கரும்பு. அதைப் பார்த்துக்கொண்டே கிழவியாகிவிடுவேனோ என்று பயந்து கிடந்தேன். என்னை விமானத்தில் ஏற்றுகிறவன் எருமைமேல் ஏறி வந்திருந்தால்கூடச் சரி என்று சொல்லியிருப்பேன்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. என் அப்பாவும் அத்தையின் வீட்டுக்காரரும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். அத்தை மகளின் கல்யாணத்துக்கு, தாய்மாமனான என் அப்பாவை வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து அழைக்காமல், மாமா தன் லாரி டிரைவர் கையில் பத்திரிகையைக் கொடுத்தனுப்பிவிட்டார். டிரைவர் அதை டீசல் வாசனையோடு கொண்டுவந்து நீட்டினார். அப்பா வாங்கி, முழுசாகப் படித்து, மடித்து, அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அந்த ஊட்ல இனி நான் கை நனைக்க மாட்டேன்னு போய்ச் சொல்லிரு" என்றார்.

தாய்மாமன் இல்லாமலே அந்தக் கல்யாணம் நடந்து முடிந்தது.

எங்கள் பக்கம் கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. பசிக்குச் சாப்பிடுவது மட்டும் அல்ல. சம்பந்தம் பேசப் போன வீட்டில் வார்த்தை முடியும்வரை காப்பியோடு நிறுத்திக்கொள்வார்கள். இலையில் உட்கார்ந்து சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று பொருள், அப்புறம் பின்வாங்கக் கூடாது. ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டு அந்த வீட்டுக்குக் கெடுதல் செய்கிறவனை மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். பகை என்று வந்தால் முதலில் நிற்பது சோறு, கடைசியில் திரும்ப வருவதும் சோறுதான்.

மகன் ஊருக்கு வந்ததும் அத்தை தானே பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் முன்னால் உட்கார்ந்து அழுதாள், எங்கள் வீட்டில் சாப்பிட்டாள். அப்பா பாதி இறங்கிவந்தார். பிள்ளைகளை அனுப்பினார். தான் மட்டும் வரவில்லை. "மாப்பிள்ளை ஊடு பாக்க வர்ற அன்னிக்கு நானும் வாரேன்" என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தார். ஆகவே எல்லாம் அந்த ஒரு நாளில் போய் நின்றது. அன்றைக்கு அப்பா அந்த வீட்டில் கை நனைத்தால் பகையும் தீர்ந்தது, என் கல்யாணமும் முடிவானது.

அத்தை வீட்டில் சன்மைகா ஒட்டிய சாப்பாட்டு மேசை ஒன்று இருந்தது. அதில் யாரும் சாப்பிட்டதில்லை, எல்லோரும் தரையில்தான். மத்தியானம் வெயில் ஏறியதும் மச்சான் அந்த மேசையில் தன் பெட்டியைப் பரப்பிவிடுவார். நாங்கள் மூன்று பேர் சுற்றி உட்காருவோம். நான், தம்பி, ஏழு மாத வயிற்றோடு அத்தை மகள். அவளை நான் நங்கை என்று கூப்பிடுவேன்.

விளையாட்டு இதுதான். மச்சான் ஒரு கதை சொல்லுவார். அந்தக் கதைக்குள் நாங்கள் ஆளுக்கு ஒரு ஆள். நான் வாள் வைத்திருக்கிறவள், தம்பி மந்திரவாதி, நங்கை திருடி. வழியில் ஒரு குகை வந்தது என்று அவர் சொன்னால், உள்ளே போகலாமா வேண்டாமா, பேசலாமா வெட்டலாமா என்று நாங்கள் சொல்ல வேண்டும். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஜெயிப்பது தோற்பது கிடையாது என்றார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். பலம் எவ்வளவு, புத்தி எவ்வளவு என்று பகடை உருட்டி எழுதிக்கொண்டோம். கடைசியில் இரண்டு கட்டம் இருந்தது. ஒன்று குணம், இன்னொன்று நோக்கம்.

"குணம்ங்கற எடத்துல உன்ற ஆளு நல்லவளா கெட்டவளான்னு எழுதோணும்" என்றார் மச்சான்.

"எழுதிட்டா நல்லவளாயிருவாளுங்களா?"

"எழுதிட்டு அதும்படி நடக்கோணும் அம்மிணி. நடக்கலீன்னா நான் அழிச்சு மாத்தி எழுதிருவேன். அதுக்குத்தான் பென்சிலு."

நடத்துகிறவருக்கு அந்த உரிமை உண்டாம், புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். ஒருத்தி நல்லவளா கெட்டவளா என்று முடிவு செய்யும் பென்சிலும் ரப்பரும் இவர் சட்டைப் பையில். நான் "நல்லவள்" என்று எழுதினேன். எல்லோரும் அப்படித்தான் எழுதினோம். திருடிகூட நல்லவள்.

நோக்கம் என்ற கட்டத்தில் அந்த ஆளுக்கு என்ன வேண்டும், எதற்காக இந்தக் காட்டுக்கும் குகைக்கும் அலைகிறாள் என்று எழுத வேண்டும். தம்பி யோசிக்காமல் "குதிரை" என்று எழுதினான். நங்கை கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். எட்டிப் பார்த்தேன். "எனக்கு மட்டும் சாவி இருக்கிற ஒரு பெட்டி" என்று எழுதியிருந்தாள். புருஷன் வீட்டில் ஏழு பேருக்குச் சமைக்கிறவள். நான் சிரித்திருக்கக் கூடாது, சிரித்துவிட்டேன். என் கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. எனக்கு வேண்டியதை அந்த மேசையில் வைத்து எப்படி எழுதுவது? அது எதிரில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தது.

முதல் வாரம் முழுக்கப் பச்சைத்தோல்காரர்களை வெட்டினோம். மலையடியில் குடிசை போட்டு வாழ்கிற ஒரு கூட்டம் அது. கோழி அறுக்கும்போதுகூடக் கொல்லைப் பக்கம் ஓடிவிடுகிற என் தம்பி, ஒரு மத்தியானத்தில் அவர்களுடைய ஊரையே கொளுத்தினான். உள்ளே குஞ்சு குளுவான்கள் இருந்ததா என்று நங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இருந்தது என்றார் மச்சான்.

"அப்ப நான் நல்லவன்தானுங்களா இன்னும்?" என்று தம்பி கேட்டான்.

"தாராளமா. அதுங்க பொறப்புலயே கெட்டதுங்க. புஸ்தகத்துல போட்டிருக்குது."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பகடையை வாங்கி என் முறைக்கு உருட்டினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கத் தெருவைப் பற்றி எங்கள் வீடுகளில் அப்படியேதான் பேசுவார்கள், அதற்குப் புத்தகம்கூடத் தேவைப்பட்டதில்லை. அந்தத் தெருவிலிருந்து முட்டை பொறுக்க வருகிற பெண்களுக்கான டம்ளர்கள் கொட்டகைச் சுவர்மேல் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும். அந்த மாதம் அவர்களுக்கு டீ ஊற்றியவள் நான்தான். டம்ளரில் படாமல் தூக்கித்தான் ஊற்றினேன். தாளில் நல்லவள்.

இரண்டாவது வாரத்தில் அந்தக் குகை வந்தது. எங்கள் மூவருக்கும் கையில் இருந்த உணவு தீர்ந்துவிட்டது, வழியும் தெரியவில்லை என்றார் மச்சான். உள்ளே போனால் பச்சைத்தோல்காரர்களின் தலைவன், காலில் காயத்தோடு தனியாகக் கிடக்கிறான். எங்களைப் பார்த்துப் பயப்படவில்லை. அடுப்பில் இருந்ததை எடுத்து மூன்று தட்டில் வைத்து, சாப்பிடச் சொல்கிறான்.

"சாப்படறோம்" என்றான் தம்பி. நங்கையும் சரி என்றாள். நானும் தலையாட்டினேன்.

"சாப்ட்டாச்சு. அவன் அசந்து கண்ண மூடிட்டான். இடுப்புல சாவி தெரியுது. வாள் இருக்கறது உன்றகிட்டத்தான்" என்று என் பக்கம் திரும்பினார் மச்சான். "வெட்டறயா?"

பகடையைக் கையில் எடுத்தேன். வெட்டத்தான் எடுத்தேன். அதற்குள் சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் நின்றது. மாவு ஆட்டி முடிந்திருக்காது, இப்போதுதான் அரிசி போட்டாள். அத்தை காது கொடுத்துக் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. பகடையைக் கீழே வைத்தேன். உள்ளே கேட்கிற குரலில் சொன்னேன்.

"வெட்ட மாட்டேனுங்க. அவன் ஊட்ல கை நனைச்சாச்சு. கை நனைச்ச ஊட்டுக்குக் கெடுதல் பண்ண மாட்டேன்."

"அவன் கெட்டவன் அம்மிணி. சாப்பாடே ஒரு தந்திரம்தான்."

"அவன் எப்படியோ இருந்துட்டுப் போறானுங்க. நாஞ் சாப்ட்டுட்டேனே."

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அத்தை வெளியே வந்துவிட்டாள். விளையாட்டு என்ன ஏது என்று ஒன்றும் தெரியாது, அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். மாவு கன்னத்தில் ஒட்டியது.

"பாத்தியாடா, எங்கண்ணன் புள்ள! வெளையாட்டுல கூட நாயம் மாற மாட்டேங்கறா பாரு, எஞ்சாமி!"

அவள் உள்ளே போய் கிரைண்டரைப் போட்டாள். மச்சான் முதல் தடவையாக என் தோளுக்கு மேலே பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். என் தாளை இழுத்தார். அழிக்கப் போகிறார், "கெட்டவள்" என்று எழுதப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குணத்தைத் தொடவில்லை. காலியாக இருந்த நோக்கம் என்ற கட்டத்தில் இரண்டே சொல் எழுதி என் பக்கம் திருப்பி வைத்தார். "அம்மா கேட்கிறாள்" என்று எழுதியிருந்தது.

அந்த நிமிடத்திலிருந்து அந்த மனிதனை நான் வெறுத்தேன். பொய்யாக எழுதியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

அத்தை சும்மா இருக்கவில்லை. முட்டை ஏற்ற வந்த வேன்காரரிடம் சொன்னாள், பக்கத்துத் தோட்டத்துக்காரியிடம் சொன்னாள், ஜேடர்பாளையம் போகிற யாரிடமோ சொல்லி என் அப்பா காதுக்கும் அனுப்பினாள். வீடு பார்க்க வரும் நாளைக் குறித்து ஆள் அனுப்பினார் அப்பா. எனக்குச் சேலை எடுக்க அம்மா சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போயிருக்கிறாள் என்றும் செய்தி வந்தது.

அந்த நாளுக்கு ஒன்பது நாள் முன்னால், மச்சான் என்னைத் தீவனக் கொட்டகைப் பக்கம் கூப்பிட்டார். மக்காச்சோளமும் கருவாட்டுத் தூளும் கலந்த நாற்றத்தில் நின்றுகொண்டு சொன்னார்.

"அங்க எனக்கு ஒருத்தி இருக்கறா. ரெஜிஸ்டர் பண்ணி ரெண்டு வருசமாச்சு."

"அத்தைகிட்டச் சொல்லீட்டீங்களா?" என்றேன்.

"சொன்னா அம்மா செத்துருவா. தங்கச்சி வேற இந்த நெலமைல இருக்கறா. மாப்பிள்ளையப் புடிக்கலீன்னு நீயே சொல்லிரு. அத்தோட முடிஞ்சுது."

அத்தோடு முடிந்ததாம்! அமெரிக்கா மாப்பிள்ளையை, சொந்த அத்தை மகனை வேண்டாம் என்று சொன்ன திமிர் பிடித்தவள் என்று என் தலையில் ஏறும். மூன்று வருடத்துக்கு அப்புறம் இறங்கிவந்த அப்பா, மகள் பேச்சைக் கேட்டுத் திரும்பிப் போனார் என்று ஊர் சிரிக்கும். இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நல்ல பிள்ளையாக விமானம் ஏறிவிடுவார். அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

அவர் சிரித்தார். "கை நனைச்ச ஊட்டுக்குக் கெடுதல் பண்ண மாட்டேன்னு நீதான சொன்ன? வந்ததுலருந்து இங்கதான நனைச்சுட்டிருக்கற?"

செருப்பைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை. வீட்டுக்குள் போனேன்.

அந்த ஒன்பது நாளும் நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்காக இல்லை. அத்தனை நாளும் நான் யோசித்தது அவர் செய்ததைவிடக் கேவலம். ரெஜிஸ்டர் பண்ணினால் என்ன, அது இங்கே யாருக்குத் தெரியும், இங்கே தாலி கட்டிவிட்டால் அங்கே இருக்கிறவளை விட்டுத்தானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். அவளுக்கு ஒரு முகம் இருக்கும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பச்சைத்தோல்காரிதான் அவள். அத்தை கையால் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே இதையெல்லாம் நினைத்தேன். மத்தியானங்களில் மேசையில் உட்கார்ந்து பகடையும் உருட்டினேன்.

அந்த நாள் வந்தது. அப்பா வெள்ளை வேட்டி சட்டையில், தோளில் துண்டோடு இறங்கினார். கூட அம்மாவும் பங்காளிகளில் பெரியவர்கள் இரண்டு பேரும். மாமா ரோடு வரைக்கும் போய் இரண்டு கையாலும் அப்பாவின் கையைப் பிடித்து அழைத்துவந்தார். அத்தை பந்தியில் அண்ணன் இலைக்குத் தானே பரிமாறுவேன் என்று யாரையும் விடவில்லை. நான் தண்ணீர்ச் சொம்போடு நின்றேன்.

சோறு விழுந்ததும் அப்பாவின் கை இலைக்கு மேலே ஒரு கணம் நின்றது. அறையில் எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். சொல்வதென்றால் அதுதான் சமயம். நான் சொல்லவில்லை. அப்பா பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார், அத்தை விசும்பினாள்.

அப்போதும் நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. இதைப் பலர் நம்புவதில்லை. சாம்பார் போய் ரசம் வரும்வரைக்கும் நான் அமெரிக்கா போகிறவளாகத்தான் நின்றிருந்தேன்.

ரசம் ஊற்றிக்கொண்டே அத்தை குகைக் கதையை ஆரம்பித்தாள். "உங்க புள்ள வெளையாட்டுல கூட என்ன சொன்னான்னு கேட்டீங்களாங்கண்ணா? கை நனைச்ச ஊட்டுக்குக் கெடுதல் பண்ண மாட்டேன்னுட்டாளுங்க!" பெரியவர்கள் தலையாட்டினார்கள். "வளப்பு அப்படிங்க" என்றார் ஒருவர். அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவ்வளவு பெருமையாக அவர் என்னை அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மச்சான் சமையலறை நிலையில் சாய்ந்து நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். தன் அம்மா பக்கம் கண்ணைக் காட்டினார். பிறகு, யாருக்கும் தெரியாமல், விரலால் தன் உள்ளங்கையில் எழுதிக் காட்டிச் சிரித்தார். இரண்டு சொல்.

"மச்சானுக்கு அங்க கல்யாணமாகி ரெண்டு வருசம் ஆச்சுங்கப்பா" என்றேன்.

கரண்டியிலிருந்து ரசம் சொட்டுகிற சத்தம் கேட்டது. மாமா "நெசமாடா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். மச்சான் தரையைப் பார்த்தார். அது போதுமானதாக இருந்தது. நங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள்.

அத்தை என்னிடம்தான் வந்தாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

"ஒம்பது நாளாச்சுங்கத்தை."

"தெரிஞ்சுக்கிட்டே ஒம்பது நாளு என்ற கையில சோறு வாங்கித் தின்னிருக்கற" என்றாள். என்னை அடித்திருந்தால் தேவலை.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியாது, பாதி இலை ஆகிவிட்டது. ரசச் சோற்றைச் சாப்பிட்டார், மோரும் வாங்கிக்கொண்டார். எல்லாம் முடிந்ததும், உறவு வேண்டும் என்கிறவர்கள் மடிக்கிற மாதிரி, இலையைத் தன் பக்கமாக மடித்தார். மாமாவிடம் "வாரேனுங்க மாப்ள" என்று சொல்லிக்கொண்டார். அந்த மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

பஸ்ஸில் அப்பா எங்களை ஜேடர்பாளையத்துக்குக் கூட்டிவந்தார். வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால், வாசலில் நின்று கேட்டார்.

"நான் கை வைக்கறதுக்கு முன்னால சொல்லியிருந்தா எந்திரிச்சு வந்திருப்பேனே அம்மிணி. ஏன் சொல்லல?"

என்னிடம் பதில் தயாராக இருந்தது. "நீங்க சாப்ட்டுட்டீங்கன்னா மறுபடியும் பகை வராதுன்னுதானுங்கப்பா, அப்பறமாச் சொன்னேன்."

பல வருடம் எல்லோரிடமும் இதையேதான் சொன்னேன். கேட்டவர்களெல்லாம் என்னை மெச்சினார்கள், எவ்வளவு யோசனை பாரு என்றார்கள். அப்பா மெச்சவில்லை. அவர் பொய்யைக் கண்டுபிடித்தாரா, இல்லை நிஜமென்றே நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நம்பியிருந்தால் இன்னும் மோசம்.

"என்ற புள்ளைய ஏமாத்துன ஊட்ல என்னைச் சோறு திங்க வெச்சுட்டயே சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

என் தாளைத் தம்பி பத்திரமாகக் கொண்டுவந்திருந்தான். விளையாட்டுப் புத்தி. ரப்பர் எடுத்து அவர் எழுதிய இரண்டு சொல்லையும் அழித்தேன். எதற்காகச் சொன்னேன் என்பதை நானே அந்தக் கட்டத்தில் எழுதிப் பார்த்தேன். அப்பாவுக்காக என்று எழுதி அழித்தேன். நியாயத்துக்காக என்று எழுதி அழித்தேன். அந்தக் கதவு நிலையில் சாய்ந்து நின்றவன் முகத்தில் அந்தச் சிரிப்பு இருக்கக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். வேறொன்றும் இல்லை. அதற்குள் தாள் அந்த இடத்தில் கிழிந்துவிட்டது. வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

மச்சான் லீவு முடிவதற்குள்ளேயே விமானம் ஏறிவிட்டார். பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார். அத்தை சாகவில்லை, நங்கைக்குச் சுகப்பிரசவம் ஆனது. அந்தக் குழந்தைக்குத் தொட்டில் போட்ட அன்று அப்பா போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். அதற்கப்புறம் வருடா வருடம் அவர்கள் ஊர் மாரியம்மன் பண்டிகைக்கும் போய்ச் சாப்பிட்டார். அங்கே கை நனைத்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாது.

எனக்கு இரண்டு வருடம் கழித்துச் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டி வைத்திருந்த குடும்பத்தில் கல்யாணம் ஆனது. அப்பா முறை தவறாமல் வருவார். ஆடிக்கு வருவார், தீபாவளிக்கு வருவார், கரும்பும் தேங்காயும் தூக்கிக்கொண்டு சந்துக்குள் நடந்து வருவார். நாற்காலியில் உட்கார்ந்து என் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்வார். நான் உள்ளே போய் இலையைக் கழுவுகிற சத்தம் கேட்டதும் துண்டை உதறித் தோளில் போடுவார்.

"ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்கப்பா."

"இருக்கட்டும் சாமி. பஸ்ஸு போயிரும்."

அங்கே நிமிடத்துக்கு ஒரு பஸ். சாகிறவரைக்கும் அவர் என் வீட்டில் கை நனைக்கவில்லை.